152184-ஐ 51-ஆல் வகுத்தால் ஏன் மீதி வரவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நவம்பர் வந்துவிட்டால் பாடம் கொஞ்சம் தள்ளிப்போகும். 16-ஆம் தேதி வருகிறதே, 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்த நாள். அதற்காக ஆளுக்கொரு அட்டை தயாரித்துச் சுவரில் ஒட்டுவார்கள். கப்பல் படம், கரும்புத் தோட்டம், நடுவில் பெரிதாக ஓர் எண்: 152 184.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு வந்த இந்தியர்களின் தொகை என்று புத்தகங்களிலும் மேடைகளிலும் அதிகம் சொல்லப்படும் எண் அது. வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். இங்கே பேச்சாளர் யாராக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இந்த எண்ணைச் சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துப்போயிருந்தது. போன வருஷம் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்தான் அதைத் திரும்பப் பார்க்க வைத்தாள்.

அட்டையில் "வருஷத்துக்குச் சராசரி எத்தனை பேர்" என்று ஒரு வரி எழுத நினைத்துக் கைபேசியில் வகுத்திருக்கிறாள். 1911-இலிருந்து 1860-ஐக் கழித்தால் 51. 152184-ஐ 51-ஆல் வகுத்தால் 2984. அவ்வளவுதான். பின்னால் ஒன்றுமில்லை.

"சார், கமாவே வரலை" என்றாள். இந்த நாட்டுப் பாடப்புத்தகத்தில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமாதான். "நிஜமா எண்ணியிருந்தா இப்படி வருமா? யாரோ வருஷத்துக்கு 2984-ன்னு வச்சுக்கிட்டு 51-ஆல பெருக்கிப் போட்ட மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நல்ல சந்தேகம் அது. ஐம்பது வருஷமாக ஆளாளுக்கு எண்ணிச் சேர்த்த தொகை இப்படிக் கத்தரித்த மாதிரி வகுபடுமா? கணக்கு என் பாடம் இல்லை. ஆனால் அன்றைக்கு வினைத்தொகையை ஓரம் வைத்துவிட்டுக் கரும்பலகையில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தோம். அன்று செய்ததை இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் எண்ணை எழுதும் முறை. இங்கே 152 184 என்று நடுவில் இடம் விட்டு எழுதுவார்கள். தமிழ்நாட்டில் 1,52,184 என்று எழுதி, ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு என்று படிப்போம். லட்சம் என்ற சொல்லே எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது. நூற்று ஐம்பத்திரண்டு ஆயிரம் என்றால்தான் புரியும். எழுதும் விதம் எதுவானாலும் எது அதை வகுக்கும், எது வகுக்காது என்பது மாறப்போவதில்லை. ஓர் எண்ணின் குணம் என்று நாம் பேசப்போவது அதைத்தான்.

சின்ன எண்ணில் ஒத்திகை பார்ப்போம். ட்ரூரோவில் வந்தவர்கள் 342 பேர். இரட்டைப்படை, ஆகவே 2-ஆல் வகுத்தால் 171. அதை 3-ஆல் வகுத்தால் 57. மறுபடியும் 3-ஆல் வகுத்தால் 19. 19-ஐ அதற்கு மேல் உடைக்க முடியாது. 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்று அந்த வரிசை போகும். ஆக 342 என்பது 2 × 3 × 3 × 19. பள்ளியில் ஏணி மாதிரி கோடு போட்டுப் படிப்படியாக இறங்குவோமே, அதே கணக்கு.

இப்போது பெரியதற்கு வருவோம். 152184 இரட்டைப்படை. பாதி 76092. அதில் பாதி 38046. அதில் பாதி 19023. ஒற்றைப்படை வந்துவிட்டது, 2-இன் கதை முடிந்தது. மூன்று முறை பாதியாக்கினோம், அதாவது 8-ஆல் வகுத்திருக்கிறோம். இதை வகுக்காமலே சொல்லியிருக்கலாம். 1000 என்பது 8 × 125. ஆகவே ஆயிரங்கள் எத்தனை இருந்தாலும் அவை 8-க்குள் அடங்கிவிடும், கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். 184 என்பது 8 × 23.

அடுத்து 3. இலக்கங்களைக் கூட்டி, வருவது 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஏன் என்று கேட்டால்தான் முழிப்போம். நூறு ஆரஞ்சுப் பழத்தை மூன்று பேருக்குப் பங்கு போடுங்கள். 99 பழம் சரியாகப் போய்விடும், ஒன்று நிற்கும். பத்துப் பழமானால் 9 போகும், ஒன்று நிற்கும். ஆயிரத்திலும் 999 போய் ஒன்றுதான் நிற்கும். லட்சத்திலும் அப்படியே. ஆக 152184 பழத்தில் லட்சத்திலிருந்து 1, பதினாயிரங்களிலிருந்து 5, ஆயிரங்களிலிருந்து 2, நூறிலிருந்து 1, பத்துகளிலிருந்து 8, கடைசியில் உதிரியாக 4. பங்கு போடாமல் நிற்பவை 1 + 5 + 2 + 1 + 8 + 4 = 21. அதை மூன்று பேருக்கு ஏழேழாகக் கொடுத்துவிடலாம். நாம் கூட்டியது இலக்கங்களை இல்லை, மீதிகளை.

இந்த இடத்தில் ஒரு பையன் குதித்தான். "21-ஐ 7 வகுக்குமே சார், அப்போ 7-ம் வகுக்குமா?" வகுக்காது. பத்துப் பழத்தை ஏழு பேருக்குக் கொடுத்தால் மூன்று நிற்கிறது, ஒன்று இல்லை. இலக்கத்தைக் கூட்டும் தந்திரம் பத்தில் ஒன்று மீதியாகிற எண்களுக்கு மட்டும்தான், அதாவது 3-க்கும் 9-க்கும். வகுத்தும் பார்த்தோம்: 7-ஆல் வகுத்தால் 4 மீதி.

19023-ஐ 3-ஆல் வகுத்தால் 6341. இதன் இலக்கக் கூட்டல் 14, இனி 3 இல்லை. கடைசி இலக்கம் 1, ஆகவே 5-ம் இல்லை. 7-ஆல் வகுத்தால் 6 மீதி, 11-ஆல் 5, 13-ஆல் 10. வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வர ஆரம்பித்தது. அடுத்து 17.

17-க்கு ஒரு வழி உண்டு, பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கடைசி இலக்கத்தைத் தனியே எடுத்து, ஐந்தால் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 6341-இல் கடைசி இலக்கம் 1. மிச்சம் 634. 634-இலிருந்து 5 போனால் 629. இன்னொரு முறை: கடைசி இலக்கம் 9, மிச்சம் 62. ஒன்பது ஐந்து 45. 62-இலிருந்து 45 போனால் 17. வந்துவிட்டது! 17-இல் வந்து நின்றால் தொடங்கிய எண்ணும் 17-ஆல் வகுபடும்.

இது மந்திரம் இல்லை. கடைசி இலக்கம் ஒன்று என்றால், மிச்சமுள்ள எண்ணிலிருந்து ஐந்தைக் கழிக்கிறோம். மிச்சமுள்ள எண் பத்துகளைக் குறிக்கிறது, ஆகவே அந்த ஐந்து உண்மையில் ஐம்பது. அதோடு வெட்டி எடுத்த அந்த ஒன்றையும் சேர்த்தால் 51. அதாவது ஒவ்வொரு தடவையும் நாம் தூக்கி எறிவது 51-இன் மடங்குகளைத்தான். 51 என்பது 3 × 17. 17-இன் மடங்கைத் தூக்கி எறிந்தால், 17-ஆல் வகுபடுமா என்ற கேள்வியின் விடை மாறாது. அந்தப் பெண்ணின் 51 இங்கே வந்து எட்டிப் பார்த்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

6341-ஐ 17-ஆல் வகுத்தால் 373. இதற்கு மேல் இறங்க முடியுமா? இங்கே ஒரு சிக்கனம் இருக்கிறது, அது தெரியாவிட்டால் நாள் முழுக்க வகுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதினால் இரண்டுமே பெரியதாக இருக்க முடியாது. 20 × 20 என்பதே 400, அது 373-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 373 உடையுமானால் உடைந்த துண்டுகளில் ஒன்றாவது 20-க்குக் கீழே இருந்தாக வேண்டும். 2 முதல் 13 வரை உள்ள பகா எண்கள் 6341-ஐயே வகுக்கவில்லை, அதற்குள் இருக்கும் 373-ஐ எப்படி வகுக்கும்? பாக்கி 17, 19 மட்டும். 17-ஆல் வகுத்தால் 16 மீதி, 19-ஆல் வகுத்தால் 12 மீதி. ஆகவே 373 பகா எண்.

இந்த 373 சாதாரண ஆள் இல்லை. திருப்பிப் படித்தாலும் 373. அதோடு, அதற்குள் எந்தத் துண்டைக் கிள்ளி எடுத்தாலும் பகா எண்தான்: 3, 7, 37, 73. இப்படி எல்லாத் துண்டும் பகா எண்ணாக அமைகிற எண்களில் மிகப் பெரியதே இதுதான், நான்கு இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நேட்டாலுக்கு வந்தவர்களின் தொகையைப் பிரித்துக்கொண்டே போனால் அடியில் இது உட்கார்ந்திருக்கிறது. இதில் அர்த்தம் ஏதும் தேட வேண்டாம், எண் ஜோதிடக்காரர் பார்த்தால் இதற்கும் பலன் எழுதிவிடுவார்.

சரி, ஏணியின் அடிக்கு வந்துவிட்டோம்.

152184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373

எந்த முழு எண்ணையும் இப்படிப் பகா எண்களாக உடைக்கலாம், அப்படி உடைப்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. 17-இல் தொடங்கினாலும் 2-இல் தொடங்கினாலும் கடைசியில் கையில் நிற்பது இதே ஆறு துண்டுகள்தான். எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று இதற்குப் பெயர். யூக்ளிட் காலத்திலேயே இதன் கரு இருந்தது, 1801-இல் ஜெர்மன் கணித மேதை காஸ் இதை முறையாக நிறுவினார். தேற்றம் என்றதும் பயப்பட வேண்டாம். எண்ணின் கையில் இருக்கும் சரக்கு இவ்வளவுதான், இதில் இல்லாததை அது தர முடியாது, அவ்வளவே.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை கண்ணெதிரே நிற்கிறது. 51 என்பது 3 × 17. மேலே உள்ள வரியில் ஒரு 3 இருக்கிறது, ஒரு 17 இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 2 × 2 × 2 × 373, அதாவது 2984. மீதி எங்கிருந்து வரும்?

அதற்குள் இன்னொருத்தி, "1860-ம் சேர்த்து 1911-ம் சேர்த்து எண்ணினா 52 வருஷம் வருதே" என்றாள். வருகிறதுதான். 52 என்பது 2 × 2 × 13. நம் வரியில் 13 எங்கே? இல்லை. ஆகவே வகுக்கும் முன்பே சொல்லிவிடலாம், கமா வரும் என்று. கைபேசியில் போட்டார்கள், 2926-க்குப் பின்னால் நீளமாகப் போனது. அப்புறம் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "102 வகுக்குமா?" 2, 3, 17. வகுக்கும். "119?" 7 × 17. அந்த 7 இல்லை, வகுக்காது. "16?" நான்கு இரண்டு வேண்டும், நம்மிடம் மூன்றுதான். வகுக்காது.

யாரோ இட்டுக்கட்டிய எண்ணோ என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தால் அது 51-ஆல் வகுபட ஐம்பத்தொன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அபூர்வம் என்று சொல்லும் அளவுக்கு அபூர்வம் இல்லை, எங்கள் சங்கக் குலுக்கலில் பரிசு விழுவதைவிட எளிது. அதோடு அந்தச் சராசரி சொல்லும் கதையும் சரியில்லை. 1866-இல் ஆள் எடுப்பது நின்று, 1874-இல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் கப்பலே இல்லாத வருஷங்கள். வருஷம் தவறாமல் 2984 பேர் வந்து இறங்கினார்கள் என்று அட்டையில் எழுதினால் வகுத்தல் சரி, வரலாறு தப்பு. அவள் அந்த வரியை அடித்துவிட்டாள்.

அடுத்த கேள்வியைக் கேட்டது நான்: இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. டர்பன் பிள்ளைகளுக்குச் சொல்ல பன்னி சௌவைவிட நல்ல உதாரணம் ஏது? ரொட்டியின் நடுவைத் தோண்டிக் கறிக்குழம்பை ஊற்றித் தருவது. கடையில் நான்கு வகைக் குழம்பு: ஆட்டுக்கறி, கோழி, பீன்ஸ், பருப்பு. அதில் ஒன்று எடுத்தாக வேண்டும். அப்புறம் கடைக்காரர் மூன்று கேள்வி கேட்பார். கேரட் சம்பல் வேண்டுமா வேண்டாமா? ஊறுகாய் வேண்டுமா வேண்டாமா? இங்கேயே சாப்பிடவா, கட்டித் தரவா? மொத்தம் எத்தனை விதமாக வாங்கலாம்? 4 × 2 × 2 × 2 = 32.

வகுக்கும் எண்ணை உருவாக்குவதும் இதே மாதிரிதான். 2-ஐ எத்தனை போடலாம்? ஒன்றுமே இல்லாமல் விடலாம், ஒன்று போடலாம், இரண்டு, மூன்று. நான்கு வழி. 3 வேண்டுமா வேண்டாமா, 17 வேண்டுமா வேண்டாமா, 373 வேண்டுமா வேண்டாமா. ஆக 32. எதுவுமே வேண்டாம் என்றால் 1 கிடைக்கும். எல்லாம் வேண்டும் என்றால் 152184 முழுசாகக் கிடைக்கும். வரிசையில் 1492-ம் வரும், 2 × 2 × 373. கொலம்பஸ் கப்பல் ஏறிய வருஷம் என்று ஒருவன் கத்தினான்.

இந்த 32 எண்களும் இரண்டிரண்டாக ஜோடி சேரும். 51-க்கு ஜோடி 2984. 102-க்கு ஜோடி 1492. ஒவ்வொரு ஜோடியும் அத்தனை பேரையும் செவ்வகமாக வரிசையில் நிறுத்தும் ஒரு வழி. 3 வரிசை போட்டால் வரிசைக்கு 50728 பேர், கடற்கரை முழுக்கப் போகும். எல்லாவற்றிலும் சதுரத்துக்கு நெருக்கமானது 373 வரிசை, வரிசைக்கு 408 பேர். ஒரு பெரிய மைதானத்தில் அவர்கள் எல்லாரும் அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையும் காலி இல்லை, ஒருவரும் தனியாக நிற்கவில்லை.

இப்போது அந்த மைதானத்திலிருந்து ஒரே ஒருவரை வெளியே கூப்பிடுவோம். அவர் சென்னையில் கப்பல் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 152183.

இது வகுபடுமா? சிக்கனம்தான் தெரியுமே. 390 × 390 = 152100. 391 × 391 இந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 390 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அவை மொத்தம் 77. அன்றைக்கு வந்திருந்தது பதினொரு பிள்ளைகள். ஆளுக்கு ஏழு என்று பிரித்துக் கொடுத்தேன், மீதியில்லாமல். கொடுத்து முடித்த பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது: 2, 3, 17, 373 ஆகிய நான்கையும் சோதிக்கவே தேவையில்லை. அவை 152184-ஐ வகுப்பவை. 17-இன் மடங்குக்கு அடுத்த மடங்கு 17 தள்ளித்தான் வரும், ஒன்று தள்ளி வராது. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுவான வகுத்தி, அதாவது மீதியில்லாமல் வகுக்கும் எண், இருக்கவே முடியாது. பகா எண்கள் முடிவில்லாமல் போகின்றன என்று யூக்ளிட் காட்டியதும் இந்த 'ஒன்று தள்ளி' யோசனையை வைத்துத்தான்.

இருபது நிமிஷம் கூடத்தில் சத்தமே இல்லை. கோயில் மணி மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக, "எனக்கு வரலை", "எனக்கும் வரலை". 31-ஆல் வகுத்தவனுக்கு 4 மீதி. 37-ஆல் வகுத்தவளுக்கு 2 மீதி. 389-ஆல் வகுத்தால் 84. ஒன்றுகூடச் சரியாக வகுக்கவில்லை.

152183 பகா எண்.

அந்த ஒருவர் வராமல் போயிருந்தால், மிச்சப் பேரை எந்தச் செவ்வகத்திலும் நிறுத்த முடியாது. இரண்டு வரிசையாகவும் முடியாது, முந்நூறு வரிசையாகவும் முடியாது. நீளமாக ஒரே வரிசைதான். 32 வகுத்திகள் இருந்த இடத்தில் இரண்டே இரண்டு. ஒருவர் கூடுதலாக வந்திருந்தால்? 152185 = 5 × 11 × 2767. எட்டு வகுத்திகள். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருவர் குணம் மற்றவரிடம் துளிகூட ஒட்டவில்லை. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும், ஆகவே இதுவும் அதிசயம் இல்லை. ஆனால் கரும்பலகையில் மூன்று எண்ணும் வரிசையாக நின்றபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கூட்டலிலும் ஒரு குணம் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் எண்ணை வகுக்கும் எண்களில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுவது. 6-க்கு 1 + 2 + 3 = 6, தானே திரும்பி வருகிறது. 28-க்கும் அப்படி: 1 + 2 + 4 + 7 + 14. இவை நிறைவு எண்கள், மிகவும் அரிது. கூட்டல் குறைந்தால் குறை எண், மிஞ்சினால் மிகை எண். 152183-க்குக் கூட்டல் வெறும் 1, அதைவிடக் குறை எண் இருக்க முடியாது. 152184-க்கு? அதில் பாதி 76092, மூன்றில் ஒரு பங்கு 50728, ஆறில் ஒரு பங்கு 25364. மூன்றையும் கூட்டினாலே 152184 வந்துவிடுகிறது. இன்னும் 28 வகுத்திகள் பாக்கி. எல்லாம் சேர்த்தால் 251736. தாராளமான மிகை எண். 6-ஆல் வகுபடும் எந்த எண்ணும், 6-ஐத் தவிர, மிகை எண்தான். காரணம் மேலேயே இருக்கிறது.

வகுத்திகளின் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1729 கதையைச் சொல்லப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். 1915-இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான்: தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் எவை, அவற்றின் பகாக் காரணிகள் எப்படி அமையும் என்று ஆராய்ந்தார். அந்தப் பட்டியலில் 110880 என்று ஓர் எண் வரும். நம் எண்ணைவிடச் சின்னது, ஆனால் 144 வகுத்திகள். அதன் சரக்கு எல்லாம் 2, 3, 5, 7, 11 என்ற சின்னச் சின்னப் பகா எண்கள். 17-ம் 373-ம் மாதிரி பெரிய கற்களை வைத்துக்கொண்டால் இடம்தான் அடைபடும், எண்ணிக்கை ஏறாது. நம் 152184-க்கு 32-தான் தேறியதற்கு அதுவே காரணம்.

ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தது 1912-இல். எங்கள் முன்னோர் கப்பல் ஏறிய துறைமுகம். நேட்டாலுக்கு ஆள் ஏற்றுவது நின்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆறு இலக்க எண்ணைக் காலையில் உடைத்துவிட்டோம். இலக்கம் கூடக் கூட இந்த வேலை எவ்வளவு கடினமாகிறது என்பது பிள்ளைகளுக்கு நம்பும்படியாக இல்லை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, திரும்ப அவற்றைக் கண்டுபிடி என்றால் கணினியே திணறும். வங்கிச் செயலிகளும் இணையமும் ரகசியம் காக்கப் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ முறை நிற்பது இந்தத் திணறலின்மேல்தான். 250 இலக்கம் கொண்ட இப்படி ஓர் எண்ணை 2020-இல்தான் உடைத்தார்கள், ஏராளமான கணினிகளைச் சேர்த்து ஓட்டி. நேர்மாறாக, 2024-இல் கண்டுபிடித்த, இதுவரை தெரிந்ததிலேயே பெரிய பகா எண்ணில் நான்கு கோடிக்கு மேல் இலக்கங்கள். அதைச் சோதிக்கத் தனிக் குறுக்குவழி இருக்கிறது, அது வேறு கதை.

அன்று கிளம்பும்போது பிள்ளைகளிடம் ஒன்று சொன்னேன். கப்பல் பட்டியலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எண். பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்ததால் பெயரை வைத்துத் தேடினால் பல சமயம் ஆள் கிடைக்காது, எண்ணை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். வீட்டில் யாராவது எழுதி வைத்திருந்தால் கேட்டு வாங்கி வாருங்கள், உடைத்துப் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் தன் கொள்ளுத்தாத்தாவின் எண்ணோடு வந்தாள். ஐந்து இலக்கம், 7-இல் முடிவது. எண்ணை இங்கே எழுதப்போவதில்லை, அது அவர்கள் வீட்டுச் சொத்து. கணக்கு நோட்டில் இரண்டு பக்கம் வகுத்திருந்தாள். 3 இல்லை, 7 இல்லை, 11 இல்லை, 29 வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதி எழுதி வட்டம் போட்டிருந்தாள். 31-இல் மட்டும் வட்டம் இல்லை.

"முப்பத்தொண்ணுல உடைஞ்சிருச்சு சார்" என்றாள், பரீட்சையில் மார்க் குறைந்த முகத்தோடு. அம்மா பக்கத்துத் தாத்தாவின் எண் பினிக்ஸில் அத்தை வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். அது பகா எண்ணாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுகிறதாம்.